கணிப்பொறியின் மனப்பாடம்

ஒரு கணக்குத் தேர்வில் இருவர் நூற்றுக்கு நூறு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் கணக்கைத் தாமே யோசித்துப் போட்டவர். மற்றவர் விடையை வீட்டிலேயே மனப்பாடம் செய்து வந்து எழுதியவர். விடைத்தாளை மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு இருவரிடையே வேறுபாடு தெரியுமா? சதுரங்கம் ஆடும் கணிப்பொறிகளுக்குப் போட்டி நடத்துபவர்களை நெடுங்காலமாக வாட்டிய கேள்வி இதுவேயாகும்.

1997-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள், நியூயார்க் நகரில் உலகச் சதுரங்க வீரர் காரி காஸ்பரோவும், ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய டீப் புளூ என்னும் கணிப்பொறியும் தமது ஆறாவது ஆட்டத்தை ஆடினர். முதல் ஐந்து ஆட்டங்களின் முடிவில் இருவருக்கும் இரண்டரைப் புள்ளிகள். எனவே இதுவே முடிவு கட்டும் ஆட்டம். காஸ்பரோவுக்குக் கறுப்புக் காய்கள். காரோ-கான் என்னும் தற்காப்பு முறையைக் கையாண்டார். ஏழாவது நகர்வில் தம் ஓரச் சிப்பாய் ஒன்றை முன்னேற்றி வெள்ளைக் குதிரையை விரட்டினார். குதிரை பின்வாங்கவில்லை. கறுப்பு ராஜாவுக்கு நேர் முன்னே ஒரு கட்டம் நகர்ந்து நின்ற சிப்பாயை வெட்டித் தன்னையே பலி கொடுத்தது! குதிரையை வெட்டிய சிறிது நேரத்திலேயே கறுப்பு ராஜா இடம் பெயர்ந்து, கோட்டை கட்டும் உரிமையை இழந்தது. பத்தொன்பதாவது நகர்வோடு காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

விநாடிக்குப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நிலைகளை ஆராயக்கூடிய பொறி அது. ஆனால் அந்தக் குதிரைப் பலியைக் கண்டுபிடிக்க அது கணக்குப் போடவே இல்லை. அந்த நகர்வு அதன் தொடக்க நூலில் முன்னரே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

தொடக்க நூல் என்பது யாது?

சதுரங்கத்தில் முதல் நகர்வை 20 விதமாக ஆடலாம். கறுப்பும் ஒரு முறை ஆடியபின் 400 வழிகள். வெள்ளை மீண்டும் ஆடினால் 8,902. இருவரும் இரண்டிரண்டு முறை ஆடி முடித்தால் 1,97,281 வழிகள்! வழிகள் இவ்வாறு பெருகுகின்றன. தொடக்கத்தில் செய்யும் தவறின் பலனோ இருபது, முப்பது நகர்வுகளுக்குப் பின்னரே தெரியவரும். ஆகையால் வெறும் கணக்கீடு தொடக்கத்தில் அதிகம் உதவுவதில்லை. பல தலைமுறை ஆட்டக்காரர்கள் ஆடிக் கற்ற அனுபவமே அங்கு கை கொடுக்கிறது. அந்த அனுபவத்தைத் திரட்டிக் கணிப்பொறியின் நினைவகத்தில் பதித்து வைத்த அட்டவணையே தொடக்க நூல்.

இந்த நூலில் நகர்வுகளின் வரிசை முக்கியமன்று. பலகையின் நிலையே முக்கியம். வெள்ளை முதலில் ராணியின் முன்னுள்ள சிப்பாயையும், பிறகு அதை அடுத்துள்ள மந்திரிச் சிப்பாயையும் இரண்டிரண்டு கட்டம் நகர்த்தலாம். வரிசையை மாற்றியும் ஆடலாம். கறுப்பு ஒரே பதிலை ஆடினால், இரு வழிகளும் ஒரே நிலையில் வந்து சேரும். 'இந்த நிலை வந்தால் இதை ஆடு' என்பதே நூலின் ஒவ்வொரு பதிவும்.

டீப் புளூவின் நூலில் ஏறத்தாழ 4,000 நிலைகள் இருந்தன. கிராண்ட் மாஸ்டர் ஜோயல் பெஞ்சமினும் வேறு சிலரும் அவற்றைக் கையாலேயே தொகுத்தனர். ஒவ்வொரு நிலையையும் இரவு முழுவதும் பொறியை ஓடவிட்டுச் சரிபார்த்தனர். அப்படியானால் அன்று காஸ்பரோவை வென்றது பொறியா, அதற்குப் பாடம் சொன்னவர்களா? இரண்டும்தான் என்பதே நேர்மையான விடை.

நூலை எடுத்துவிட்டால்?

ஒரு பொறி மற்றொரு பொறியோடு மோதும்போது சிக்கல் இன்னும் பெரிதாகிறது. நன்றாகக் கணக்கிடும் புரோகிராம்கூட, எதிராளியின் நூலில் ஒளிந்திருக்கும் பொறிக்குள் விழுந்து, தானாக யோசிக்கத் தொடங்கும் முன்பே தோற்கும் நிலைக்கு வந்துவிடலாம். "அப்படியானால் நூலே வேண்டாம் என்று விதித்துவிடலாமே!" என்று நீங்கள் கேட்கலாம். அதிலும் ஒரு தொல்லை உண்டு. ஒரே நிலையையும் ஒரே நேர அளவையும் கொடுத்தால், புரோகிராம் பெரும்பாலும் ஒரே நகர்வையே தேர்ந்தெடுக்கும். நூறு ஆட்டம் ஆடச் செய்தாலும், ஒரு சில ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். அதைக்கொண்டு எவ்வாறு தீர்ப்புச் சொல்வது?

2017-இல் இக்கேள்வி மீண்டும் எழுந்தது. டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸீரோ, மனிதர் எழுதிய நூல் ஏதுமின்றித் தன்னோடு தானே ஆடிப் பழகியது. அது ஸ்டாக்ஃபிஷ் என்னும் சிறந்த புரோகிராமோடு 100 ஆட்டங்கள் ஆடியது. 28-இல் வென்றது, 72 சமன், தோல்வி இல்லை. உடனே, "ஸ்டாக்ஃபிஷுக்குத் தொடக்க நூல் தரவில்லையே, இது நியாயமா?" என்று பலர் கேட்டனர். 2018-இல் வெளிவந்த விரிவான கட்டுரையில், நூலோடு கூடிய ஸ்டாக்ஃபிஷையும் ஆல்ஃபாஸீரோ வென்றதாகக் காட்டினர். எதிர்ப்பு எழுந்தபின் சோதனையைத் திருத்திச் செய்வதே அறிவியலின் வழி.

தராசு கற்பிக்கும் பாடம்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் இயற்பியல் தராசைப் பார்த்திருப்பீர்கள். அதன் இரு கைகளும் நீளத்தில் சிறிது வேறுபட்டால் எடை தவறும். அதற்குக் கணித மேதை காஸ் பெயரால் வழங்கும் வழி ஒன்று உண்டு. பொருளை ஒரு முறை இடத்தட்டிலும் மறுமுறை வலத்தட்டிலும் வைத்து எடை காணவேண்டும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் தராசின் குறை நீங்கிவிடும்.

2010-இல் தொடங்கிய டி.சி.இ.சி. என்னும் கணிப்பொறிச் சதுரங்கப் போட்டியும் இதே தந்திரத்தைக் கையாளுகிறது. தொடக்கத்தைப் புரோகிராம்கள் தேர்ந்தெடுப்பதில்லை. போட்டி நடத்துபவர்களே தருகின்றனர். அதே தொடக்கத்தை இரு முறை ஆடவேண்டும்; இரண்டாம் முறை காய்களின் நிறம் மாறும். ஒரு பக்கத்துக்குச் சற்றுச் சாதகமான தொடக்கமாயினும் கேடில்லை; அந்தச் சாதகம் இருவருக்கும் ஒரு முறை கிடைத்துவிடுகிறதல்லவா? இவ்வாறு ஆட்டக்காரரின் மறைபொருளாக இருந்த தொடக்க நூல், நடுவரின் அளவுகோலாக மாறிவிட்டது.

மனப்பாடம் இழிவானதன்று, வாய்ப்பாடு தெரியாமல் கணக்குப் போட முடியுமா? ஆனால் எது நினைவு, எது சிந்தனை என்று பிரித்தறிந்தபின்தான் திறமையை அளக்க முடியும். இனி எங்கேனும் ஒரு பொறி வென்றது என்று செய்தி படித்தால், கைதட்டும் முன் ஒன்று கேளுங்கள்: அதன் முதல் பத்து நகர்வுகள் யாருடையவை?