இலக்க வெப்பமானியும் இல்லப் பயனும்

காய்ச்சலைப் புறங்கையால் அறியும் வழக்கம் பழையது. ஆயின் கை ஒப்பிட்டுணருமேயன்றி அளந்துணராது. 1867ஆம் ஆண்டளவில் ஒல்பற் என்னும் ஆங்கில மருத்துவர் ஆறங்குல இரச வெப்பமானியை அமைத்தார். இரசம் நஞ்சாதலின், 2013இல் ஏற்பட்ட மினமாற்றா உடன்படிக்கை அதன் உற்பத்திக்கும் வாணிகத்துக்கும் 2020ஐ எல்லையாக விதித்தது. அதனிடத்தைப் பெற்ற இலக்க வெப்பமானியின் நுனியில், சூடேறுந்தோறும் மின்றடை குறையும் குறைகடத்தித் துண்டொன்றுளது. அம்மாற்றமே எண்ணாகத் தோன்றுகின்றது.

ஒலி கேட்டவுடன் கருவியை எடுத்துவிடுதல் பலர் வழக்கம். வெப்பவேற்றம் மந்தமானவுடன் ஒலிக்குமாறே அது அமைந்துளது. அக்குளிலோ வெப்பம் மெல்லவே ஏறும். ஆதலின் வியர்வையைத் துடைத்து, நுனி தோலிற் படியக் கையை இறுக்கி, ஒலித்தபின்னும் சிறிது பொறுத்தல் நன்று. வாயில் அளப்போர், தேநீர் அருந்தியிருப்பின், கால் மணி நேரமேனும் தாழ்த்தல் வேண்டும்.

அக்குள் அளவு உள்ளுடல் வெப்பத்தினுங் குறைந்தே நிற்கும். இதனை மறந்து, மூன்று மாதம் நிரம்பாத குழவிக்கு அங்கே 38 சதமபாகை காட்டியும் விடியும்வரை காத்திருத்தல் பேதைமை. உடனே மருத்துவரை நாடல் வேண்டும்.

அளக்குமுன்னும் பின்னும் நுனியை மதுசாரத்தால் துடைத்தல் போதும். கொதிநீரிலிட்டாற் கருவி கெடும். நெடுநாட் பயன்படாதெனின் மின்கலத்தைக் கழற்றிக் குழந்தைகட்கு எட்டாதவிடத்து வைத்தல் வேண்டும். பொத்தானளவான அம்மின்கலம் விழுங்கப்படின், சில மணி நேரத்துள் உணவுக்குழாயைப் புண்ணாக்கவல்லது.