கழித்துப்போட்ட கணினிகள் சேர்ந்து போடும் கணக்கு

1996-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் வில்லியம் ஹார்க்ரோவ், ஃபாரஸ்ட் ஹாஃப்மன் இருவருக்கும் ஒரு பெரிய கணக்கு இருந்தது. நாடு முழுவதையும் ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள 78 லட்சம் கட்டங்களாகப் பிரித்து, வெப்பம், மழை, மண் விவரங்களை வைத்துச் சூழல் மண்டல வரைபடம் போட வேண்டும். புதுக் கணினிகள் வாங்கக் கேட்ட பணம் கிடைக்கவில்லை. அலுவலகங்கள் ஒதுக்கிய 486, பென்டியம் வகைக் கணினிப் பெட்டிகளைச் சேர்த்து, லினக்ஸ் ஏற்றி, கேபிளால் இணைத்தார்கள். 2001-ல் இந்தக் கூட்டில் 133 கணினிகள் இருந்தன. வரைபடமும் வந்தது.

இத்தகைய கூட்டுக்கு கிளஸ்டர் என்று பெயர். சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் 2004-ல் 144 கணினிகளை இணைத்து 'கப்ரு'வை அமைத்தது. அவை ஒரே வகைக் கணினிகள். பழைய பெட்டிகளிலோ ஒவ்வொன்றும் ஒரு வேகம். வரிசையாக நாற்று நடும்போது பின்தங்கும் ஒருவருக்காக எல்லோரும் நிற்பதுபோல, மெதுவான பெட்டிக்காக மற்றவை காத்துக் கிடக்கும். அதனால் வேலையைச் சமமாகப் பங்கிடாமல், சிறு துண்டுகளாக்கி, முடித்த பெட்டிக்கு அடுத்த துண்டு என்று கொடுக்க வேண்டும்.

கண்காணிப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரு கணினிகள் ஒன்றின் தகவலுக்காக மற்றொன்று காத்து முடங்கியிருக்கும். ஆனாலும் பிராசசர் நூறு சதவீதம் உழைப்பதாகத் திரை காட்டக்கூடும். ஒவ்வொரு பெட்டியும் எத்தனை துண்டு முடித்தது என்பதையே எண்ண வேண்டும். எண்ணிக்கை நின்ற பெட்டியில் ஜிடிபி (GDB) என்ற பிழைதிருத்தியை இணைத்தால், நிரல் எந்த இடத்தில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

பழைய பெட்டிகளில் மதர்போர்டின் பொத்தான் பேட்டரி செத்திருந்தால் தேதி பின்னோக்கிப் போகும்; எந்தப் பிழை முதலில் வந்தது என்று லாகில் தேடுவது வீண். எல்லாக் கடிகாரங்களையும் முதலில் ஒன்றாக்குங்கள். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் மீது சந்தேகமா? அதை மட்டும் மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் காரணம் புலப்படாது.

நின்றுபோன பெட்டியைவிடத் தவறான விடை தரும் பெட்டி ஆபத்தானது. கெட்ட ராம் சத்தமில்லாமல் எண்ணை மாற்றிவிடும். ஒரே துண்டை இரு கணினிகளுக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிடுவதே காப்பு.

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் சத்தியமங்கலத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் தாளவாடிக்கும் நிலமும் காடும் வேறு. ஓக் ரிட்ஜில் போட்டது போன்ற சூழல் மண்டல வரைபடம் நமக்கும் வேண்டும். இவ்வட்டாரக் கல்லூரிகள் பழைய கணினிகளை ஏலம் விடுமுன் எட்டுப் பெட்டிகளையாவது மாணவர்களிடம் கொடுக்கட்டும்.