சேமிப்புப் பத்திரமும் வருமான வரியும்

ஊர் ஊராக மாற்றலாகிச் செல்லும் நம் குடும்பங்களுக்குத் தேசிய சேமிப்புப் பத்திரம் நெடுநாளைய துணை. தபால் நிலையத்தார் வட்டியில் வரி பிடிப்பதில்லை. ஆதலால் அது வரியற்ற வருமானம் என்றே பலர் எண்ணியிருக்கின்றனர். அது சரியன்று.

2023 ஏப்ரலில் விதிக்கப்பட்ட 7.7 சதவீத வட்டியில் 10,000 ரூபாய் ஐந்தாண்டில் 14,490 ரூபாயாகும். முழு வட்டிக்கும் 20 சதவீத வரியும், அவ்வரியின்மேல் 4 சதவீதத் தீர்வையும் செலுத்துவோர்க்கு 934 ரூபாய் போய்விடும். கைக்கு எஞ்சுவது 13,556. ஆண்டுக்குச் சுமார் 6¼ சதவீதமே. 30 சதவீத வரி செலுத்துவோர்க்கு ஐந்தரை. மகளின் திருமணத்திற்கென முழுத்தொகையையும் எண்ணி வைத்திருப்பவர் இவ்விடத்தில் சற்று நிதானிப்பது நலம்.

பழைய வரிமுறையில் இருப்போர்க்கு ஒரு வழி உண்டு. முதல் நான்காண்டு வட்டி கைக்கு வருவதில்லை, மறுமுதலீடாகவே கருதப்படுகிறது. அதனை ஆண்டுதோறும் வருமானத்தில் காட்டி, ஒன்றரை லட்ச ரூபாய்ச் சேமிப்புக் கழிவில் இடமிருப்பின் கழித்துக்கொள்ளலாம். எஞ்சுவது ஐந்தாம் ஆண்டின் வட்டி 1,036 மட்டுமே. 20 சதவீதத்தார்க்கு அதன் வரி 215 ரூபாய். இறுதியில் மொத்தமாகக் காட்டினாலோ இச்சலுகை போயிற்று. வருங்கால வைப்பு நிதியே அவ்வரம்பை நிரப்பிவிட்டவரும், புதிய வரிமுறையை ஏற்றவரும் தத்தம் வரி விகிதப்படி முற்கூறிய கணக்கையே கொள்ளல் வேண்டும்.