தாளம் விழுந்த பிறகு: ஏமியும் அடேலும் மேடையில்

தென்லண்டனில் நான் வசிக்கும் மிச்சத்திலிருந்து (பெயரைத் தமிழில் எழுதினால் வரும் சிலேடையை இங்குள்ள தமிழர் எல்லோரும் ஒருமுறையாவது சொல்லிச் சிரித்திருப்போம்) டிராம் ஏறினால் கிராய்டன். அதன் பக்கத்தில் செல்ஹர்ஸ்டில் பிரிட் ஸ்கூல் இருக்கிறது. 1991-ல் தொடங்கிய, கட்டணம் வாங்காத கலைப்பள்ளி. ஏமி வைன்ஹவுஸ் (1983-2011) இங்கே கொஞ்ச காலம் படித்தார். அடேல் (பிறப்பு 1988) படிப்பை முடித்துக்கொண்டு 2006-ல் வெளியே வந்தார். ஏமியின் முதல் தொகுப்பான 'ஃப்ராங்க்' (2003) கேட்டுத்தான் கிட்டாரைக் கையில் எடுத்ததாக அடேலே மேடையில் சொல்லியிருக்கிறார். ஒரே ஊர், ஒரே பள்ளி, ஒரே இசை வகை. ஆனால் மேடையில் இருவரும் செய்வது முற்றிலும் வேறு வேறு காரியங்கள்.

ஸோல் இசை 1950களில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் ரிதம் அண்ட் புளூஸும் கலந்து உருவானது. ரே சார்ல்ஸ், அரீதா ஃப்ராங்க்ளின் போன்றவர்கள் இறைவனை நோக்கிப் பாடிப் பழகிய தொண்டையைக் காதலை நோக்கித் திருப்பினார்கள். அகத்துறையின் தலைவியை ஆழ்வார்கள் பெருமாளிடம் கூட்டிப் போனதை நாம் அறிவோம். இது அதன் எதிர்த்திசைப் பயணம். நம் இருவரும் வெள்ளை லண்டன்காரிகள், இந்த இசையைக் கடன் வாங்கியவர்கள். அந்தக் கடன் பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏமியின் மேடைப் பதிவுகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, டிசம்பர் 2006-ல் அயர்லாந்தின் டிங்கிள் என்ற கடலோர ஊரில், நூறு பேர்கூட உட்கார முடியாத ஒரு சிறு தேவாலயத்தில் பாடியது. மற்றொன்று மே 2007-ல் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் முழு வாத்தியக் குழுவோடு பாடியது. 'லவ் இஸ் எ லூசிங் கேம்' என்ற பாட்டு இரண்டிலும் உண்டு. 'பேக் டு பிளாக்' (2006) தொகுப்பில் உள்ள ஒலிப்பதிவையும் சேர்த்து மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். வார்த்தை அதேதான். வரி தொடங்கும் இடம் வேறு, வரி முடியும் ஸ்வரம் வேறு.

நம் சங்கீதத்தில் தாளம் விழுந்து அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளிப் பாட்டை எடுப்பது உண்டு. ஆனால் அந்த இடத்தை உருப்படியே நிர்ணயித்துவிடுகிறது. நிரவலில்கூட ஸ்வரங்கள்தான் மாறும், சாகித்தியம் பெரும்பாலும் தாளத்தில் தன் இடத்தை விட்டு நகராது. ஏமி இரண்டையும் நகர்த்துகிறார். தாளம் விழுந்த பிறகு ஒரு கணம் சும்மா நிற்கிறார். 'ஐயோ, தவறவிட்டாரே' என்று நாம் நினைக்கும்போது வரியை எடுத்து, வேகமாகப் பேசுவதுபோலச் சொற்களை நெருக்கி, சரியான இடத்தில் கொண்டுபோய் இறக்குகிறார். டிங்கிளில் டிரம்ஸே கிடையாது, ஒரு கிட்டாரும் ஒரு பேஸும் மட்டுந்தான். அங்கே இந்த வித்தை இன்னும் வெளிச்சமாகத் தெரிகிறது. இது ஜாஸ் பாடகிகளிடம் கற்றது. பதின்ம வயதில் நேஷனல் யூத் ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவுடன் பாடியவர் அவர். சாரா வான் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்.

அடேலிடம் இந்தப் பித்தலாட்டம் எதுவும் கிடையாது. (செல்லமாகத்தான் சொல்கிறேன்.) செப்டம்பர் 2011-ல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் பாடியதில் மெட்டு ஏறக்குறைய இசைத்தட்டில் உள்ளபடியே இருக்கிறது. ஐயாயிரம் பேர் கொள்ளும் அரங்கம் அது. 'ஸம்ஒன் லைக் யூ' வரும்போது பல்லவியைக் கூட்டமே பாடுகிறது. மெட்டு மாறாமல் இருப்பதால்தான் அவர்களால் பாட முடிகிறது! கீழே நெஞ்சிலிருந்து முழு பலத்தோடு வரும் குரல், மேலே போகும்போது சட்டென்று உடைந்து மெல்லியதாகிறது. அந்த உடைசல் எங்கே வரும் என்பது நமக்கு முன்பே தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் வேலை செய்கிறது. அவருடைய மனோதர்மமெல்லாம் பாட்டுகளுக்கு நடுவே இருக்கிறது. வாய் ஓயாமல் பேசுகிறார், கெட்ட வார்த்தையோடு கதை சொல்கிறார், தன் நகைச்சுவைக்குத் தானே கடகடவென்று சிரிக்கிறார். பியானோ தொடங்கியதும் முகம் மாறிவிடுகிறது.

2017 கிராமி விழாவில் ஜார்ஜ் மைக்கேலுக்கு அஞ்சலியாகப் பாடத் தொடங்கிய அடேல், சுருதி சரியாக இல்லையென்று நடுவில் நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, முதலிலிருந்து பாடினார். இளையராஜா தன் மேடையில் பிசகு நேர்ந்தால் வாத்தியக்காரர்களை நிறுத்தி மறுபடி தொடங்க வைப்பதைப் பார்த்திருக்கிறோம். இருவருக்கும் பாட்டு என்பது ஏற்கெனவே கட்டி முடித்த வீடு. ஏமிக்கோ அது இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் வீடு.

தமிழ் ரசிகனுக்கு இரண்டு அளவுகோலும் பழக்கமானவை என்பதுதான் வேடிக்கை. மெல்லிசைக் கச்சேரியில் "ரெக்கார்டு மாதிரியே பாடினார்" என்பது பாராட்டு. அதையே சபாவில் சொன்னால் வசவு.

இனி நான் முரண்படும் இடம். ஏமி சுதந்திரமாகப் பாடினார், அந்தக் கட்டற்ற தன்மையே அவரை அழித்தது என்று ஒரு காவியக்கதை புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. தாளத்தை விட்டு விலகி நிற்க, தாளம் எங்கே இருக்கிறது என்பது மற்றவர்களைவிடத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அது கடும் பயிற்சியில் வருவது. உடம்பு தளரும்போது முதலில் கைவிட்டுப் போவதும் அதுதான். 18 ஜூன் 2011 அன்று பெல்கிரேடில் அவர் வரிகளை மறந்து தடுமாறியபோது கூட்டம் கூச்சலிட்டது. அந்தக் காணொளியை ரசிப்பவர்கள் எதை ரசிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அங்கே சுதந்திரம் என்று எதுவும் இல்லை, நோயாளியான ஒரு பெண்தான் நிற்கிறார். ஐந்து வாரத்தில், ஜூலை 23 அன்று, மிதமிஞ்சிய மதுவினால் கேம்டனில் இறந்துபோனார். வயது 27.

மாறாத மெட்டும் பத்திரமானது என்று சொல்லிவிட முடியாது. ஒரே உச்சத்தை ஒரே பலத்தோடு இரவுக்கு இரவு தொடவேண்டிய கட்டாயம் அடேலின் குரல்நாணைப் பதம் பார்த்தது. ஆல்பர்ட் ஹால் நிகழ்ச்சி முடிந்த அடுத்த மாதமே குரல்நாணில் ரத்தக்கசிவு என்று பயணத்தை ரத்து செய்தார்; நவம்பரில் பாஸ்டனில் அறுவை சிகிச்சை. 2012 பிப்ரவரியில் திரும்ப வந்து ஒரே இரவில் ஆறு கிராமி வாங்கினார். 2017-ல் வெம்ப்ளி அரங்கில் கடைசி இரண்டு இரவுகளை மறுபடி குரல் காரணமாகவே கைவிட நேர்ந்தது.

டிங்கிள் பதிவு 2012-ல் வெளியான 'ஏமி வைன்ஹவுஸ் அட் த பிபிசி' தொகுப்பில் கிடைக்கிறது. அதிலிருந்து தொடங்குவது நல்லது. பிறகு ஆல்பர்ட் ஹால். அதில் 'மேக் யூ ஃபீல் மை லவ்' பாடுமுன் அடேல், இறந்து இரண்டு மாதமே ஆன ஏமிக்கு அதைச் சமர்ப்பிக்கிறார். எல்லோரும் கைப்பேசியை ஒளிரவிட்டுத் தூக்கிப் பிடிக்கச் சொல்கிறார். பாட்டை அவர் வழக்கம்போலத்தான் பாடுகிறார், ஒரு ஸ்வரம் கூட மாற்றாமல்.