பேச்சு சிகிச்சை: மணிக்கணக்கில் ஒரு செலவுக் கணக்கு

பேச்சு சிகிச்சையில் பெருஞ்செலவு, எதிரே உட்கார்ந்து கேட்பவரின் நேரம்தான். எனவே முதலில் மணிக்கணக்கு. தனி அமர்வு 50 நிமிடம், குழு அமர்வு 90 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு நோயாளிக்காகச் சிகிச்சையாளர் தரும் நேரம்

• சி.பி.டி. (அறிதல்-நடத்தைச் சிகிச்சை), லேசான மனச்சோர்வு: 8 அமர்வு. 6 மணி 40 நிமிடம்.
• சி.பி.டி., கடும் மனச்சோர்வு: 16 அமர்வு. 13 மணி 20 நிமிடம்.
• குழு சி.பி.டி.: 8 அமர்வு, 2 சிகிச்சையாளர்கள், 8 பேர். தலைக்கு 3 மணி.
• மைண்ட்ஃபுல்னெஸ் குழு: 8 வாரம், வாரம் 2 மணி, ஒரே பயிற்றுநர், 12 பேர். தலைக்கு 1 மணி 20 நிமிடம்.
• ஃப்ராய்டு வழி உளப்பகுப்பாய்வு: வாரம் 4 அமர்வு, 45 வாரம். ஆண்டுக்கு 150 மணி.

முதல் மூன்று வரிகளின் அமர்வு எண்ணிக்கை, இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு 2022-இல் தந்த மனச்சோர்வு வழிகாட்டுதலில் உள்ளது. பட்டியலில் சேராத ஒன்று டி.பி.டி. (இயங்கியல் நடத்தைச் சிகிச்சை). தற்கொலை எண்ணம் விடாமல் துரத்துபவர்களுக்காக உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கியது. வாரம் 1 மணி தனியாக, இரண்டரை மணி குழுவாக, ஓராண்டு. 50 வாரத்துக்கு நோயாளி உட்காரும் நேரம் மட்டும் 175 மணி.

இங்கிலாந்தின் பேரேடு

2006-இல் பொருளியலாளர் ரிச்சர்ட் லேயார்டு குழுவின் அறிக்கை இரண்டே தொகைகளை எதிரெதிரே வைத்தது. ஒருவருக்கு முழுச் சிகிச்சை: 750 பவுண்டு. அவர் நோயால் வேலையின்றி இருந்தால் அரசுக்கு மாதம் ஏற்படும் இழப்பு: அதே 750 பவுண்டு. குணமானவர் ஒரு மாதம் கூடுதலாக வேலை பார்த்தாலே முதல் திரும்பிவிடும். 2008-இல் அரசின் பேச்சு சிகிச்சைத் திட்டம் தொடங்கியது. 2022-23-இல் விண்ணப்பங்கள் சுமார் 17.6 லட்சம், சிகிச்சை தொடங்கியோர் 12.2 லட்சம், முடிந்த சிகிச்சைகள் 6.7 லட்சம். இரண்டு அமர்வுக்கு வந்தாலே 'முடித்தவர்' கணக்கில் சேர்ந்துவிடலாம் என்பதையும் சேர்த்தே இந்தக் கடைசி எண்ணைப் படிக்க வேண்டும்.

கோவாவின் பேரேடு

2013 முதல் 2015 வரை 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வுள்ள 495 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 'லான்செட்' இதழில் வந்தன. பேசியவர்கள் மனநலப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். 6 முதல் 8 அமர்வு, ஒவ்வொன்றும் 30 முதல் 40 நிமிடம். அதாவது தலைக்கு 3 மணி முதல் 5 மணி 20 நிமிடம் வரை.

மூன்று மாதத்தில் நோய்நிலை தணிந்தோர்: ஆலோசனை பெற்ற 230 பேரில் 147 (64%); பெறாத 236 பேரில் 91 (39%). வித்தியாசம் 25 சதவீதப் புள்ளிகள். நான்கு பேருக்கு ஆலோசனை தந்தால் ஒருவர் கூடுதலாக மீள்கிறார். அந்த ஒருவருக்கான விலை, அதிகபட்சம் 21 மணி 20 நிமிடம்.

நம் கணக்கு

இந்தியாவின் 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் 2.7% பேருக்கு மனச்சோர்வு இருந்தது. லட்சம் பேருக்கு 2,700. 2019 மதிப்பீட்டின்படி லட்சத்துக்கு மனநல மருத்துவர் 0.75. மருந்துச் சீட்டே எழுதாமல், ஆண்டுக்கு 1,500 மணியும் 16 அமர்வு சி.பி.டி. மட்டுமே தந்தால் ஒரு மருத்துவரால் 112 பேரைப் பார்க்க முடியும். 0.75 மருத்துவர் என்றால் லட்சத்துக்கு 84 பேர். கோவா முறையில் ஓர் ஆலோசகர் அதே நேரத்தில் 281 பேரைப் பார்ப்பார். 2,700 பேருக்கும் 10 ஆலோசகர்கள் போதும்.

டி.பி.டி. தேவைப்படுபவருக்கு இந்த 10 பேர் போதமாட்டார்கள். ஆனால் இவர்கள் இருந்தால்தான் மருத்துவரின் மணிகள் அவருக்கு மிஞ்சும்.