மூச்சு வாங்கினால் முதலில் எங்கே போவது?

ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது படவேடு. ஆடி மாதத்தில் ரேணுகாம்பாள் கோயிலுக்கு வரும் கூட்டத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. நாம் பேச வந்தது வேறு: இந்தப் பக்கத்துக் காலனிகளில் நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குகிறவர்களைப் பற்றி.

மூச்சு வாங்குவது ரத்தசோகையாலா, நுரையீரலாலா, இதயத்தாலா? இதயம் என்றால் ‘எக்கோ’ எடுக்க வேண்டும். அதற்கு அடுக்கம்பாறைக்கோ திருவண்ணாமலைக்கோ போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும். நம் மக்கள் தள்ளிப்போடுவது இதனால்தான். அலட்சியம் என்று சொல்லிவிடுவது சுலபம்.

இன்று கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவிகள் வந்துவிட்டன. இதய நிபுணராக இல்லாத எம்.பி.பி.எஸ். மருத்துவரும் பயிற்சி பெற்றால், கட்டில் பக்கத்திலேயே சில கேள்விகளுக்கு விடை காணலாம். இதயத்தின் இடது கீழறை நன்றாகச் சுருங்குகிறதா? இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா? வலது பக்கம் விரிந்திருக்கிறதா? முழு எக்கோவுக்கு இது ஈடாகாது. ஆனால் யாரை இன்றே ஆம்புலன்சில் ஏற்ற வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். இன்னொன்று: ஸ்டெதஸ்கோப் போல வைத்து உடனே எடுத்துவிட முடியாது. நோயாளியின் நெஞ்சில் கைவைத்துச் சில நிமிடம் மருத்துவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். தொடத் தயங்கும் கைகளைப் பார்த்த நமக்கு அதுவும் முக்கியம்.

குழந்தைகள் விஷயம் இன்னும் பெரிது. தொண்டை வலியில் தொடங்கி, மூட்டு வீங்கி, கடைசியில் இதய வால்வைக் கெடுப்பது ருமாட்டிக் காய்ச்சல். ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் வீடுகளில் தொண்டைக் கிருமி எளிதில் பரவும். மொசாம்பிக்கில் 2,170 பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். ஸ்டெதஸ்கோப் கண்டுபிடித்தது 5 பேரை, எக்கோ கண்டுபிடித்தது 66 பேரை. ஆரம்பத்திலேயே தெரிந்தால் நாலு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடலாம். உகாண்டாவில் 818 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், ஊசி போட்டவர்களில் இரண்டு ஆண்டில் நோய் முற்றியது 0.8 சதவீதம் பேருக்கு, போடாதவர்களில் 8.2 சதவீதம். அங்கே செவிலியர்களுக்கே கையடக்கக் கருவியில் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அல்ட்ராசவுண்ட் கருவியைப் பதிவு செய்யாமல் வைத்திருக்க முடியாது. பெண் குழந்தைகளைக் காக்க வந்த சட்டம், அதைத் தளர்த்தச் சொல்லி நாம் கேட்கவில்லை. 2012-இல் சேர்த்த விதியே வழி விட்டிருக்கிறது: பதிவு பெற்ற இடத்தின் உள்நோயாளிகளுக்கும், பல சேவைகள் தரும் நடமாடும் மருத்துவக் குழுவிலும் கையடக்கக் கருவியைப் பயன்படுத்தலாம்.

அந்த வண்டி காலனிக்குள் வருகிறதா, ஊர்த்தெரு முனையிலேயே நின்றுவிடுகிறதா, அதில் பதிவு பெற்ற கருவியும் பயிற்சி பெற்ற மருத்துவரும் உண்டா என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.