ஓட்டை காக்கும் உயிர்

"குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை" என்று டாக்டர் சொன்னதுமே பெற்றோருக்குப் பாதி உயிர் போய்விடும். கூடவே வேறு குறைகளும் இருக்கின்றன என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் பிறவி இதயக் குறைபாடுகளை எண்ணிக்கையை வைத்து எடைபோடக் கூடாது. சில பச்சிளம் குழந்தைகளின் உயிரைப் பிடித்து வைத்திருப்பதே அந்த ஓட்டைதான்.

பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. வலக் கீழறையிலிருந்து மகாதமனியும் இடக் கீழறையிலிருந்து நுரையீரல் தமனியும் கிளம்பியிருக்கும். உடம்பைச் சுற்றிவந்த ரத்தம் ஆக்சிஜன் ஏறாமலே உடம்புக்குப் போகும். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் நுரையீரலுக்கே திரும்பும். இதயச் சுவரில் ஓட்டையோ, கருவில் இரு தமனிகளையும் இணைத்திருந்த நாளமோ திறந்திருந்தால்தான் இரண்டும் கொஞ்சமாவது கலக்கும். அந்த நாளமோ பிறந்த ஓரிரு நாளில் மூடத் தொடங்கிவிடும். அதைத் திறந்தே வைக்கப் புரோஸ்டாகிளாண்டின் மருந்தை ஏற்றுவார்கள். 1966இல் பிலடெல்பியாவின் வில்லியம் ராஷ்கின்ட் இன்னொரு வழி காட்டினார்: பலூன் பொருத்திய குழாயை ரத்தநாளம் வழியே செலுத்தி, மேலறைச் சுவரைக் கிழித்தே ஓட்டையைப் பெரிதாக்கினார்.

இதோடு மகாதமனி குறுகலும் சேர்வது அபூர்வம். அப்போது நுரையீரல் தமனியின் நல்ல ரத்தம் நாளம் வழியே உடம்பின் கீழ்ப்பாதிக்குப் பாயும். கை நீலம் பூத்திருக்க, கால் சிவந்திருக்கும்! பிறந்த குழந்தையின் வலது கையிலும் காலிலும் ஆக்சிஜன் அளவு பார்ப்பது இதுபோன்ற வேறுபாடுகளைப் பிடிக்கத்தான்.

மெல்போர்னின் மேற்கே, டார்னெய்ட்டிலிருந்து பிரசவத்துக்கு வெரிபி மெர்சி மருத்துவமனைக்கோ சன்ஷைன் மருத்துவமனையின் ஜோன் கர்னர் பிரிவுக்கோ போகிறவர்கள் பலர். அங்கே இப்படியொரு குழந்தை பிறந்தால், 'பைப்பர்' அவசரக் குழு பார்க்வில் ராயல் சில்ட்ரன்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கும். தமனிகளை வெட்டி உரிய இடத்தில் தைக்கும் அறுவையை 1975இல் வெற்றிகரமாகச் செய்து காட்டியவர் பிரேசிலின் அடிப் ஜாட்டெனே. இதயத்துக்கே ரத்தம் தரும் நூலிழைக் கொரோனரி நாளங்களையும் பெயர்த்துத் தைக்க வேண்டும். அறுவையின் உயிர்நாடியே அதுதான். ராயல் சில்ட்ரன்ஸில் 1983 முதல் 2009 வரை 618 பேருக்கு இதைச் செய்தார்கள். அறுவையை ஒட்டி இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. பிறந்து சில நாளே ஆன சிசுக்கள் என்பதை நினைத்தால், எனக்கு இது பிரமிப்பாகவே இருக்கிறது.

நம் மாநிறத் தோலில் நீலம் எளிதில் தெரியாது. நாக்கையும் ஈறையும் பாருங்கள். அவை நீலம் பூத்திருந்தாலோ, பால் குடிக்கும்போதே குழந்தை வேர்த்துக் கொட்டி மூச்சிரைத்தாலோ, ஊரிலிருக்கும் பாட்டியிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே அவசர எண் 000-ஐ அழையுங்கள்.